பாதை இருப்பதும் பாதையைக் காண்பதும்: சமவாய்ப்பு நடை முதல் 'சிறிய உலக'த் தேடல் வரை (1905–2005)

ஆய்வுச்சுருக்கம்

முழு வரைபடமும் கையில் இல்லாத ஒருவர் மிகப் பெரிய வலையமைப்பொன்றில் தம் இலக்கை எவ்வாறு அடைகிறார் என்னும் வினா, இருபதாம் நூற்றாண்டில் கணிதத்திலும் சமூக உளவியலிலும் தனித்தனியே வளர்ந்தது. முன்னதில் அது 'சமவாய்ப்பு நடை' என்னும் பெயரிலும், பின்னதில் 'சிறிய உலகச் சிக்கல்' என்னும் பெயரிலும் வழங்கியது. இவ்விரு மரபுகளையும் 1905 முதல் 2005 வரை தொடரும் இக்கட்டுரை, குறுகிய பாதை இருப்பதும் அதனை வரம்புடைய தகவலைக் கொண்டு காண்பதும் வெவ்வேறு என்பது நெடுங்காலம் உணரப்படாமல் இருந்ததைச் சுட்டுகிறது. சென்றடைந்த சங்கிலிகளின் நீளத்திற்கே முதன்மை தந்த ஆய்வு மரபு, சென்றடையாத சங்கிலிகளில் பதிந்திருந்த சமூக வேறுபாட்டைப் பின்னுக்குத் தள்ளியது என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: சமவாய்ப்பு நடை, வலையமைப்பு, சிறிய உலகம், வரம்புடைய தகவல், மில்கிராம், கிளைன்பெர்க்.

முன்னுரை

உலகில் எந்த இருவரும் ஏறத்தாழ ஆறு அறிமுகங்களால் இணைக்கப்பட்டுள்ளனர் என்னும் கூற்று இன்று பொதுவழக்கில் ஊறிவிட்டது. இதன் இலக்கிய முன்னோடியாக ஹங்கேரிய எழுத்தாளர் ஃப்ரிகெஷ் கரிந்தி 1929இல் வெளியிட்ட சிறுகதையும், சோதனை ஆதாரமாக அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமின் 1967ஆம் ஆண்டுக் கட்டுரையும் காட்டப்படுகின்றன. 'ஆறு படிப் பிரிவு' என்னும் தொடரைப் பரப்பியது 1990இல் மேடையேறிய ஜான் குவேரின் நாடகமே. மில்கிராம் அத்தொடரைக் கையாளவில்லை.

இக்கூற்று ஒரு தொலைவைப் பற்றியது. ஆனால் மில்கிராம் நடத்திய சோதனை தொலைவை நேரடியாக அளக்கவில்லை. தமக்குத் தெரிந்த சிலரை மட்டும் அறிந்த மனிதர்கள், தமக்குத் தெரியாத ஒருவரை நோக்கி ஒரு கடித உறையைக் கைமாற்றி அனுப்ப முயன்றதையே அது பதிவு செய்தது. அதாவது, அது ஒரு தேடல். தேடுபவரிடம் எவ்வளவு தகவல் இருந்தது, தகவலே இல்லாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்னும் வினாக்களைக் கேட்பதற்கான கருவி கணிதத்தில் அதற்கு 60 ஆண்டுகளுக்கு முன்பே உருவாகத் தொடங்கியிருந்தது. அக்கருவியே சமவாய்ப்பு நடை.

கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு தேவை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'சமவாய்ப்பு மாறி' என்று வழங்குவதை இலங்கைப் பாடநூல்கள் 'எழுமாற்று மாறி' என்கின்றன. இரண்டில் பின்னதே பொருளுக்கு நெருக்கமானது எனலாம். ஏனெனில் எல்லாத் திசைகளுக்கும் ஒத்த வாய்ப்பு இருக்கவேண்டும் என்பது இந்நடைக்குக் கட்டாயமன்று. எனினும், இங்கு எடுத்துக்கொள்ளப்படும் நடைகள் பெரும்பாலும் ஒத்த வாய்ப்புடையவை ஆதலின் 'சமவாய்ப்பு நடை' என்பதே கையாளப்படுகிறது.

இலக்கில்லாத நடை: பியர்சன், ராஸ், போல்யா

1905 ஜூலை 27ஆம் நாள் 'நேச்சர்' இதழில் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் ஒரு சிறு கடிதம் வழியாக வாசகர்களிடம் உதவி கேட்டார். ஒருவர் ஓரிடத்திலிருந்து புறப்பட்டுக் குறிப்பிட்ட தொலைவு நேராக நடக்கிறார்; பின்னர் ஏதேனும் ஒரு கோணத்தில் திரும்பி அதே தொலைவு நடக்கிறார்; இவ்வாறு பலமுறை செய்தபின் அவர் தொடக்க இடத்திலிருந்து குறிப்பிட்ட தொலைவில் இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? அடுத்த வாரமே ரேலே பிரபு விடையளித்தார். தாறுமாறான கட்டங்களைக் கொண்ட பல அதிர்வுகள் ஒன்றுசேரும் சிக்கலும் இதுவும் ஒன்றே என்றும், அதைத் தாம் 1880இலேயே தீர்த்துவிட்டதாகவும் அவர் சுட்டினார். நன்றி கூறி எழுதிய மறுகடிதத்தில் பியர்சன், திறந்த வெளியில் தள்ளாடும் குடிகாரரைத் தேட வேண்டுமெனில் அவர் புறப்பட்ட இடத்திற்கு அருகில் தேடுவதே நலம் என்னும் பொருள்பட வேடிக்கையாகக் குறிப்பிட்டார். அன்று முதல் இந்நடைக்குக் குடிகாரர் உவமை ஒட்டிக்கொண்டது.

பியர்சனின் வினாவுக்குப் பின்னணியில் இருந்தவை கொசுக்கள். 1897இல் செகந்திராபாத்தில் மலேரியா ஒட்டுண்ணியைக் கொசுவின் உடலில் கண்டறிந்த ரொனால்டு ராஸ், ஒரு பகுதியில் கொசுக்களை ஒழித்தால் வெளியிலிருந்து எவ்வளவு கொசுக்கள் மீண்டும் வந்து நிரம்பும் என்பதைக் கணக்கிட விரும்பினார். 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் ஆற்றிய உரையில் அவர் இச்சிக்கலை எடுத்துரைத்தார். நூறு முறை திசைமாறிய கொசு தன் தொடக்க இடத்திலிருந்து ஏறத்தாழ 10 அடித்தொலைவிலேயே இருக்கும்; பத்தாயிரம் முறை திசைமாறினாலும் அது ஏறத்தாழ 100 அடித்தொலைவே. உழைப்பு நூறு மடங்கானால் பயணம் பத்து மடங்காகிறது. கொசு ஒழிப்புக்கு இது நற்செய்தி; எதையேனும் தேடுபவருக்கு இது நற்செய்தி அன்று.

இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. பியர்சனின் மனிதருக்கோ ராஸின் கொசுவுக்கோ இலக்கு எதுவும் இல்லை. அவர்கள் எங்கே போய்ச் சேர்வார்கள் என்பதே வினா. 1921இல் சூரிச் நகரில் பணியாற்றிய ஜார்ஜ் போல்யா இவ்வினாவைத் திறந்த வெளியிலிருந்து தெருக்களின் வலைக்கு மாற்றினார். அவரது கட்டுரையின் தலைப்பிலேயே 'தெருவலையில் அலைதல்' என்னும் கருத்து இடம்பெற்றுள்ளது. காட்டுப்பாதையில் உலாவியபோது, தம் காதலியுடன் வந்த மாணவர் ஒருவரைத் தற்செயலாக மீண்டும் மீண்டும் எதிர்கொண்டு சங்கடப்பட்டதே இவ்வாய்வுக்குத் தூண்டுதல் என்று அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். சதுரக் கட்டங்களாக அமைந்த எல்லையற்ற தெருவலையில் ஒவ்வொரு சந்தியிலும் தற்போக்காகத் திரும்புபவர் என்றேனும் ஒருநாள் புறப்பட்ட இடத்திற்கு உறுதியாகத் திரும்புவார் என்பதும், முப்பரிமாண வலையில் அவர் திரும்பும் நிகழ்தகவு ஏறத்தாழ 0.34 மட்டுமே என்பதும் அவ்வாய்வு வழியே பெறப்பட்ட முடிவுகள். ஒரே விதியைப் பின்பற்றும் நடையின் தலைவிதியை வலையின் வடிவம் மாற்றிவிடுகிறது என்பது இங்குத்தான் முதன்முதலில் தெளிவாயிற்று.

நினைவின் விலை

வழி தெரியாதவர் தற்போக்காகத் திரிய வேண்டிய கட்டாயம் இல்லை. புதிர்வழிகளிலிருந்து வெளியேறுவதற்குச் சார்ல் டிரெமோ என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் வகுத்த முறையை எத்வார் லூக்கா 1882இல் தம் கணித விளையாட்டு நூலில் பதிப்பித்திருந்தார். கடந்த பாதைகளில் குறியிட்டுக்கொண்டே செல்லவேண்டும். எந்தப் பாதையிலும் இருமுறைக்கு மேல் செல்லலாகாது. இம்முறையில் நினைவு நடப்பவரின் தலையில் இல்லை, சுவரில் இருக்கிறது.

குறியிடவே முடியாதெனில்? இதற்கு விடை கிடைக்க 1979 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரொமாஸ் அலெலியூனாஸ், ரிச்சர்டு கார்ப், ரிச்சர்டு லிப்டன், லாஸ்லோ லோவாஸ், சார்லஸ் ராக்காஃப் ஆகிய ஐவரும் அவ்வாண்டு முன்வைத்த கட்டுரை, ஒருவழிப்பாதை இல்லாத, முழுதும் இணைந்த எந்த வலையமைப்பிலும் சமவாய்ப்பு நடை எல்லாக் கணுக்களையும் காண எடுக்கும் அடிகளின் சராசரிக்கு ஓர் உச்சவரம்பு உண்டென நிறுவியது. இணைப்புகளின் எண்ணிக்கையை இருமடங்காக்கி, கணுக்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்துப் பெருக்கினால் கிடைப்பதே அவ்வரம்பு. எடுத்துக்காட்டாக, 1,000 கணுக்களும் 3,000 இணைப்புகளும் கொண்ட வலையில் அது ஏறத்தாழ 60 லட்சம் அடிகள். டிரெமோவின் முறையில் நடப்பவருக்கோ 6,000 அடிகளுக்கு மேல் தேவைப்படாது. சுவரில் இட்ட குறிகளுக்கு இருக்கும் மதிப்பை இவ்விரு எண்களுக்கு இடையேயுள்ள வேறுபாடு உணர்த்துகிறது. எனினும் ஐவரின் முடிவில் வியப்புக்குரியது வேறொன்று. தாம் இப்போது நிற்கும் இடத்தையும் நடந்த அடிகளின் எண்ணிக்கையையும் தவிர எதையும் நினைவில் கொள்ளாத ஒருவர்கூட, ஓர் இலக்கு எட்டத்தக்கதா என்பதைப் போதிய காலத்தில் ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். இதே சிற்றளவு நினைவைக் கொண்டு, தற்செயலின் துணையே இன்றியும் இதைச் செய்ய இயலும் என்று ஓமர் ரைங்கோல்டு 2005இல் நிறுவினார்.

இவ்வாறு சமவாய்ப்பு நடைக்கு இலக்கு என்னும் ஒன்று வந்து சேர்ந்தது. அதனோடு, எதுவும் அறியாதவரின் நடை எவ்வளவு நீளும் என்பதற்கு ஓர் அளவுகோலும் கிடைத்தது. இதே காலப்பகுதியில் சமூக உளவியலில் நிகழ்ந்தவற்றுக்கும் இதற்கும் எவ்விதத் தொடர்பும் இருக்கவில்லை.

மில்கிராமின் கடித உறை

1967 மே மாதம் 'சைக்காலஜி டுடே' இதழில் மில்கிராம் எழுதிய கட்டுரை இரு சோதனைகளை விவரித்தது. கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டாவிலிருந்து மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் வாழ்ந்த இறையியல் மாணவர் ஒருவரின் மனைவியை நோக்கி முதல் சோதனையும், நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாகாவிலிருந்து பாஸ்டனில் பணியாற்றிய பங்குத் தரகர் ஒருவரை நோக்கி இரண்டாவதும் அமைந்தன. இரண்டாவதில் 160 சங்கிலிகள் தொடங்கி 44 சென்றடைந்தன; இடையில் இருந்தோரின் இடைநிலை எண்ணிக்கை 5. இதன் விரிவான வடிவத்தை ஜெஃப்ரி டிராவர்ஸும் மில்கிராமும் 1969இல் 'சோசியோமெட்ரி' இதழில் வெளியிட்டனர்.

உறையினுள் இருந்தவற்றை இன்றைய வலையமைப்பு ஆய்வின் கண்கொண்டு நோக்கினால் சில நுட்பங்கள் புலப்படும். முதலாவது, இலக்கு பற்றிய தகவல்: பெயர், முகவரி, தொழில், பணியிடம், படித்த கல்லூரி, பட்டம் பெற்ற ஆண்டு, படைப்பணிக் காலம், மனைவியின் பிறந்தகப் பெயர், அவரது ஊர். இரண்டாவது, விதி: இலக்கை நேரில் அறியாதோர் உறையை நேரடியாக அவருக்கு அனுப்பலாகாது, தம்மைவிட அவரை அறிந்திருக்க வாய்ப்புள்ள, முதற்பெயரால் அழைக்குமளவு தமக்குப் பழக்கமான ஒருவருக்கே அனுப்பவேண்டும். மூன்றாவது, பெயர்ப்பட்டியல்: உறையைப் பெறும் ஒவ்வொருவரும் அதில் தம் பெயரைச் சேர்க்கவேண்டும். உறை ஏற்கனவே சென்றவரிடமே மீண்டும் சென்று சுழல்வதைத் தடுப்பது இப்பட்டியலின் பயன்களுள் ஒன்று. டிரெமோ சுவரில் எழுதியதை மில்கிராம் உறைக்குள் எழுதச் செய்தார். நினைவு நடப்பவரோடு நகர்ந்தது.

எனவே மில்கிராமின் உறை நடந்தது தற்போக்கு நடையன்று. நினைவும் திசையறிவும் கொண்ட நடை. அடுத்து எவரிடம் தருவது என்பதை ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த வட்டத்துக்குள்ளிருந்தே தீர்மானித்தனர். அவர் கண்ட சிறு எண் சமூகத்தின் வடிவத்தையும் மனிதரின் ஊகத்திறனையும் ஒருசேர அளந்தது. இரண்டையும் பிரித்தறிய அச்சோதனையில் வழி இல்லை.

1969ஆம் ஆண்டுக் கட்டுரையின் எண்கள் இவை: தொடக்கநிலையில் 296 பேர் – நெப்ராஸ்காவில் பங்குமுதல் வைத்திருந்த 100 பேர், நெப்ராஸ்காவின் பொதுமக்கள் 96 பேர், பாஸ்டன்வாசிகள் 100 பேர். இவர்களுள் 217 பேர் உறையை முன்னனுப்பினர்; 64 உறைகள் சேர்ந்தன. இடையில் இருந்தோரின் சராசரி 5.2. சேர்ந்த 64இல் 16 உறைகள் தரகர் வாழ்ந்த ஷாரன் என்னும் ஊரின் துணி வணிகர் ஒருவர் கையால் வந்தவை. கடைசிக் கைமாற்றத்தில் ஏறத்தாழ பாதியை மூவர் மட்டுமே செய்திருந்தனர்.

இத்துணி வணிகர் பின்னாளில் பெரிதும் பேசப்பட்டார். சமவாய்ப்பு நடையின் ஓர் அடிப்படைப் பண்பு இங்கு நினைவுகூரத்தக்கது: இருவழி இணைப்புகளைக் கொண்ட வலையில் நெடுநேரம் திரிபவர் ஒரு கணுவில் காணப்படும் வாய்ப்பு அக்கணுவின் இணைப்புகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். பலரை அறிந்தவரிடம் போய்ச்சேர அறிவு எதுவும் தேவையில்லை. வலையே அங்குத் தள்ளிவிடும். ஆதலின் உறைகள் ஒருவரிடம் குவிந்தன என்பதைக் கொண்டு அனுப்பியோர் அவரது செல்வாக்கை அறிந்தே அனுப்பினர் என்று முடிவுகட்ட இயலாது. இவ்வொப்பீடு அன்று எவராலும் செய்யப்படவில்லை.

சேராத உறைகள்

296இல் 64 போக எஞ்சியவை 232. இவற்றை எவ்வாறு எண்ணுவது என்பதில்தான் இவ்வாய்வு மரபின் உண்மையான சிக்கல் அடங்கியுள்ளது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் நான்கில் ஒருவர் உறையைக் கிடப்பில் போட்டுவிடுவதாகக் கொள்வோம். நான்கு கைமாற்றம் தேவைப்படும் சங்கிலிகளில் 32 விழுக்காடு தப்பும். எட்டு தேவைப்படுவனவற்றில் 10 விழுக்காடே தப்பும். நீண்ட சங்கிலிகள் இடையிலேயே மடிவதால், சேர்ந்தவற்றின் சராசரி உண்மையைவிடக் குறைந்தே தோன்றும். ஹாரிசன் ஒயிட் 1970இலேயே இதைச் சுட்டித் திருத்தக் கணக்கொன்றையும் முன்வைத்தார்.

அதே ஆண்டில் சார்லஸ் கோர்ட்டும் மில்கிராமும் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இன்னும் முக்கியமானது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வெள்ளையர் 540 பேரிடமிருந்து நியூயார்க்கின் 18 இலக்குகளை நோக்கி உறைகள் புறப்பட்டன. இலக்குகளில் ஒன்பதின்மர் வெள்ளையர், ஒன்பதின்மர் கறுப்பினத்தவர். வெள்ளையரை நோக்கிச் சென்றவற்றில் 33 விழுக்காடு சேர்ந்தன. கறுப்பினத்தவரை நோக்கிச் சென்றவற்றில் 13 விழுக்காடு மட்டுமே. ஆனால் சேர்ந்த சங்கிலிகளின் நீளத்திலோ பெரிய வேறுபாடு இல்லை. நீளத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரு தொகுதியினரும் ஒரே தொலைவில் இருப்பதாகவே தோன்றும். இனப்பிரிவினையின் சுவடு முழுவதும் சேராத உறைகளிலேயே பதிந்திருந்தது. மில்கிராமின் பெயரால் வழங்கும் ஆய்வுகளில் இதுவே கூர்மையானது. எனினும் பொதுவழக்கில் நிலைத்தது 'ஆறு' என்னும் எண்ணே.

உளவியலாளர் ஜூடித் கிளைன்ஃபெல்டு யேல் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படும் மில்கிராமின் தாள்களை ஆராய்ந்து 2002இல் எழுதிய கட்டுரை இம்மறதியின் அளவைக் காட்டியது. கான்சாஸ் சோதனையில் 60 பேரிடம் தொடங்கிய உறைகளில் சேர்ந்தவை மூன்று மட்டுமே. கோதுமை விவசாயி ஒருவரிடமிருந்து இரு மதகுருமார்கள் வழியாக நான்கே நாட்களில் இலக்கை அடைந்த உறையின் கதை 1967ஆம் ஆண்டுக் கட்டுரையில் உண்டு. அறுபதில் மூன்று என்னும் செய்தி இல்லை. நெப்ராஸ்காவில் தொடங்கியோரில் பாதிப்பேர் பங்குமுதலீட்டாளர் என்பதும், இலக்கோ பங்குத் தரகர் என்பதும் கிளைன்ஃபெல்டின் ஐயத்தை மிகுவித்தன. அவரது கண்டனத்தில் ஓரளவு மிகை உண்டு. சேராமை மட்டும் பாதை இல்லை என்பதற்குச் சான்றாகாது. ஆனால் அது பாதை உண்டு என்பதற்கும் சான்றாகாது என்னும் அவரது அடிப்படைக் கருத்தை மறுப்பதற்கில்லை.

உறையை வைத்திருப்போர் அடுத்தவரை எவ்வாறு தெரிவு செய்கின்றனர் என்பதைத் தனித்து ஆராய முனைந்தோர் பீட்டர் கில்வொர்த்தும் ரஸ்ஸல் பெர்னார்டும் ஆவர். 1978இல் வெளியான அவர்களது ஆய்வில் 58 பேருக்கு 1,267 கற்பனை இலக்குகள் அடங்கிய பட்டியல் தரப்பட்டு, ஒவ்வோர் இலக்குக்கும் முதலில் யாரை நாடுவீர்கள் என்றும் ஏன் என்றும் கேட்கப்பட்டது. விடைகளில் இரு காரணங்கள் ஓங்கி நின்றன: இடம், தொழில். வழிதேடும் மனிதர் கையாளும் திசைகாட்டி எது என்பது இவ்வாறு தெரியவந்தது. அது ஏன் பயன்படுகிறது என்பதற்கு விளக்கம் கிடைக்க மேலும் 22 ஆண்டுகள் ஆயின.

கிளைன்பெர்க்கின் பிரிப்பு

1998இல் டங்கன் வாட்ஸும் ஸ்டீவன் ஸ்ட்ரோகட்ஸும் 'நேச்சர்' இதழில் ஒரு மாதிரியை முன்வைத்தனர். அண்டை அயலாரோடு மட்டும் இணைந்த ஒழுங்கான வலையில் சில இணைப்புகளை மட்டும் பிடுங்கித் தற்போக்காக வேறிடங்களில் நட்டால், அண்டைத்தன்மை கெடாமலேயே தொலைவுகள் வியக்கத்தக்க அளவில் சுருங்கிவிடும். உலகம் ஏன் சிறியது என்பதற்கு இது விடையாயிற்று.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2000இல், ஜான் கிளைன்பெர்க் கேட்டது வேறொரு வினா. உலகம் சிறியது என்றே கொள்வோம்; அது சிறியது என்பதை அதனுள் இருப்பவர் எவ்வாறு பயன்கொள்கிறார்? அவர் சதுரக் கட்டமொன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கணுவுக்கும் அண்டை இணைப்புகளோடு ஒரு நெடுந்தொலைவு இணைப்பையும் கொடுத்தார். அந்த இணைப்பு எங்கே சென்று விழும் என்பதற்கான வாய்ப்பு தொலைவின் ஓர் அடுக்குக்குத் தலைகீழ் விகிதத்தில் அமையும். அடுக்கு சுழியம் எனில் தொலைவு ஒரு பொருட்டே அன்று; நெடுந்தொலைவு இணைப்புகள் எங்கும் விழலாம். உறையை வைத்திருப்பவருக்குத் தெரிந்தவை இலக்கின் இருப்பிடமும் தம் இணைப்புகளும் மட்டுமே.

கிடைத்த முடிவு எதிர்பாராதது. அடுக்கு சுழியமாக இருக்கையில் குறுகிய பாதைகள் நிச்சயமாக உள்ளன. ஆனால் இத்தகு உள்ளூர்த் தகவலைக் கொண்டு அவற்றைக் காண எந்த முறையாலும் இயலாது. கட்டத்தின் பக்கநீளம் எட்டு மடங்கானால், உள்ளபடியான குறுகிய பாதை சில அடிகளே கூடும். தேடுபவருக்குத் தேவைப்படும் அடிகளின் கீழ்வரம்போ நான்கு மடங்காகும். அடுக்கு சரியாக இரண்டாக இருக்கும்போது மட்டும், ஒவ்வொரு கட்டத்திலும் இலக்குக்கு மிக அருகிலுள்ள அறிமுகத்திடம் உறையைத் தரும் எளிய முறையே, அடிகளின் எண்ணிக்கையை மடக்கையின் வர்க்க அளவுக்குள் அடக்கிவிடுகிறது.

இரண்டு என்னும் எண்ணில் என்ன சிறப்பு? அப்போது நெடுந்தொலைவு இணைப்புகள் எல்லாத் தொலைவு நிலைகளிலும் சமமாகப் பகிரப்படுகின்றன: தெருவுக்குள் எத்தனையோ, ஊருக்குள், மாநிலத்துக்குள், நாட்டுக்குள் ஏறத்தாழ அத்தனை. நாட்டை எட்டியபின் மாநிலத்தை எட்டவும், மாநிலத்தை எட்டியபின் ஊரை எட்டவும் ஒரு பிடி எப்போதும் கிடைக்கிறது. சுழியத்தில் நாடுவிட்டு நாடு தாவும் இணைப்புகள் மலிந்திருந்தும், இறுதியில் ஊருக்குள் நுழையப் பிடி இருப்பதில்லை. மில்கிராமின் சோதனையில் ஒன்றாகப் பின்னிக்கிடந்த இரண்டையும் – பாதை இருத்தல், பாதையைக் காணல் – முதன்முதலாகப் பிரித்துக் காட்டியது இவ்வாய்வே.

இம்மாதிரி நடைமுறையோடு பொருந்துகிறதா என்பதை 2005இல் டேவிட் லிபன்-நோவெல்லும் பிறரும் லைவ்ஜர்னல் தளத்தின் ஏறத்தாழ ஐந்து லட்சம் அமெரிக்க உறுப்பினர்களின் நட்புவலையில் சோதித்தனர். இலக்கின் ஊரை மட்டும் நோக்கி உறையை நகர்த்தும் கணினிப் பாவனையில், ஒவ்வொரு கட்டத்திலும் இலக்குக்கு நெருங்கிய நண்பரைத் தெரிந்தெடுத்துச் சென்றபோது 13 விழுக்காடு சங்கிலிகள் உரிய ஊரை அடைந்தன. மனிதரின் சலிப்புக்கு இடமில்லாத இப்பாவனையிலும் எஞ்சிய 87 விழுக்காடு சேரவில்லை என்பது கருதத்தக்கது.

இரு மரபுகளின் சந்திப்பு

சமவாய்ப்பு நடை மரபும் சிறிய உலக மரபும் நேருக்கு நேர் சந்தித்தது இணையத்தின் தேவையால். 1998இல் செர்கே பிரின், லாரி பேஜ் இருவரும் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறை, இலக்கின்றிச் சுட்டிகளைத் தொடர்ந்து செல்லும் கற்பனை வாசகர் எப்பக்கத்தில் எவ்வளவு காலம் காணப்படுவார் என்பதைக் கொண்டு பக்கங்களைத் தரப்படுத்தியது. ஆனால் அதைக் கணக்கிட முழு வலையின் படியும் கையில் இருக்கவேண்டும். அவ்வாறு படி எதுவும் இல்லாத சூழல் 2000இல் வெளிவந்த நுட்டெல்லா கோப்புப் பகிர்வு வலையில் தோன்றியது. அங்கு ஒரு கோப்பைத் தேடுபவரின் வேண்டுகோள் எல்லா அண்டைக் கணினிகளுக்கும், அவற்றின் வழியே அவற்றின் அண்டைகளுக்கும் எனப் படியெடுத்துப் பரப்பப்பட்டது. வலை வளர வளர இவ்வெள்ளத்திலேயே அது மூச்சுத்திணறியது.

2001இல் லாடா அடாமிக், பெர்னார்டோ ஹூபர்மன் உள்ளிட்ட நால்வர், வெள்ளத்திற்கு மாற்றாக ஒற்றை வேண்டுகோளை நடக்கவிடும் வழியை ஆராய்ந்தனர். சில கணுக்கள் மட்டும் மிகப்பல இணைப்புகளைப் பெற்றிருக்கும் வலையில், சமவாய்ப்பு நடையே இயல்பாக அக்கணுக்களை நோக்கி இழுக்கப்படுகிறது. அண்டைகளில் மிகுந்த இணைப்புடையதையே தேர்ந்து செல்லும் நடை அதைவிட விரைவாகத் தேடுகிறது. அடுத்த ஆண்டில் சின் லூ முதலியோர், ஒரே நேரத்தில் பல சமவாய்ப்பு நடைகளை ஏவுவது வெள்ளத்தைவிடச் சிக்கனமானது என்று காட்டினர். பியர்சனின் குடிகாரர் பொறியியல் கருவியானார்.

ஆனால் அடாமிக்கே ஏடன் அடாருடன் சேர்ந்து 2005இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எல்லை வகுத்தது. எச்.பி. ஆய்வகத்தின் 430 ஊழியர்களது மின்னஞ்சல் தொடர்புகளில், மிகுந்த தொடர்புடையவரை நாடும் உத்தி சிறக்கவில்லை. நிறுவனப் படிநிலையில் இலக்குக்கு நெருங்கியவரை நாடும் உத்தியே சிறந்தது. இணையக் கணினிகளைப் போல மனிதரின் தொடர்புகள் ஒருசிலரிடம் அவ்வளவு மிகையாகக் குவிவதில்லை. ஷாரனின் துணி வணிகரை விதியாகக் கொள்ளலாகாது என்பது இதனால் பெறப்படும்.

தகவலின் அளவையே எண்ணாக்க முனைந்தோர் கிம் ஸ்னெப்பன், ஆலா துருசினா, மார்ட்டின் ராஸ்வால் ஆகியோர். 2005ஐ ஒட்டி அவர்கள் வகுத்த 'தேடல் தகவல்' என்னும் அளவை எளியது: சமவாய்ப்பு நடையில் செல்பவர் தற்செயலாகவே குறுகிய பாதையைப் பின்பற்றிவிடும் நிகழ்தகவு எவ்வளவு சிறியதோ, அவ்வளவு தகவல் அப்பாதையைக் காணத் தேவை. நான்கு தெருக்கள் கூடும் சந்திகளே நிறைந்த ஊரில் ஐந்து திருப்பம் கொண்ட ஒரே பாதை உள்ளதென்போம். முதற்சந்தியில் நான்கில் ஒன்றும், வந்த வழி நீங்கலாக ஏனைய நான்கு சந்திகளிலும் மூன்றில் ஒன்றும் சரியாக அமையவேண்டும். நிகழ்தகவு 324இல் ஒன்று. தேவைப்படும் தகவல் ஏறத்தாழ 8.3 பிட். சந்திகள் அடர்ந்த ஊரில் இதே ஐந்து திருப்பத்திற்கு மேலும் தகவல் வேண்டும். தொலைவு ஒன்றாயினும் அறியவேண்டியது வேறாகிறது. எதுவும் அறியாதவரின் நடை, அறிவின் விலையை அளக்கும் அலகாயிற்று.

நம்பிக்கை என்னும் தகவல்

பீட்டர் டாட்ஸ், ரோபி முகமது, டங்கன் வாட்ஸ் ஆகியோர் மின்னஞ்சல் வழியாக நடத்தி 2003இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட சோதனையே மில்கிராமின் முயற்சிக்கு மிகப்பெரிய மறுபதிப்பு. 13 நாடுகளில் 18 இலக்குகள். இந்தியாவின் தொழில்நுட்ப ஆலோசகர் ஒருவரும் அவர்களுள் அடங்குவர். தொடங்கிய சங்கிலிகள் 24,163, சேர்ந்தவை 384. இடைமுறிவுகளைக் கணக்கில்கொண்டு திருத்தியபின் இடைநிலை நீளம் ஐந்து முதல் ஏழு அடிகள் என மதிப்பிடப்பட்டது. பெருந்தொடர்புடையோர் வழியாக உறைகள் குவியவில்லை.

ஏன் அனுப்பவில்லை என்று கேட்கப்பட்டபோது, பொருத்தமானவர் எவரும் நினைவுக்கு வரவில்லை என்றோர் 0.3 விழுக்காட்டினர் மட்டுமே. இதைக்கொண்டு, சங்கிலிகள் முறிந்தது வழி தெரியாமையால் அன்று, அக்கறையின்மையால் என்று ஆய்வாளர்கள் கருதினர். இவ்விளக்கம் முழுமையானதாகத் தோன்றவில்லை. இலக்கு எவர் என்பதைப் பொருட்படுத்தாத வெறும் அக்கறையின்மையே காரணமெனில், 1970ஆம் ஆண்டு ஆய்வின் 33, 13 என்னும் இரு விழுக்காடுகளும் ஒன்றையொன்று ஒத்திருந்திருக்க வேண்டும்.

இதற்கான திறவுகோல் 2003ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே உள்ளது. புகழ்பெற்ற அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றின் பேராசிரியரை நோக்கிய சங்கிலிகளில் ஒவ்வோர் அடியிலும் 54 விழுக்காடு முறிந்தன. ஏனைய இலக்குகளுக்கு அது 60 முதல் 68 விழுக்காடு வரை இருந்தது. பங்கேற்றோரில் பெரும்பாலோர் கல்லூரிக் கல்வி பெற்றவர்; பாதிக்கு மேற்பட்டோர் அமெரிக்கர். பேராசிரியரை எட்டுவது எளிது என்று அவர்கள் முன்கூட்டியே எண்ணியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஓரடியில் இவ்வேறுபாடு சிறிதே. ஆனால் ஐந்து அடிகளில் அது பெருகும்: அடிதோறும் 46 விழுக்காடு தொடர்ந்தால் நூற்றுக்கு இரண்டு சங்கிலிகள் சேரும், 36 விழுக்காடு தொடர்ந்தால் ஆயிரத்துக்கு ஆறு. சென்றடைந்த 384 சங்கிலிகளில் 44 விழுக்காடு அந்த ஒரு பேராசிரியரையே சென்றடைந்தன.

வழி உண்டு என்னும் எண்ணமும் உறையை வைத்திருப்பவரிடம் உள்ள தகவலின் ஒரு பகுதியே. கிளைன்பெர்க்கின் கட்டத்தில் இதற்கு இடமில்லை. அங்கு உறையைப் பெறுவோர் எவரும் சோர்வதில்லை. ஸ்னெப்பன் குழுவினரின் பிட் கணக்கிலும் இதற்கு இடமில்லை. தம் வட்டத்திலிருந்து வெகுதொலைவில் உள்ளவராகத் தாம் கருதும் ஒருவரை நோக்கிய உறை மேசையிலேயே தங்கிவிடுகிறது. அது தங்கிவிட்டதால் அத்தொலைவு எந்தச் சராசரியிலும் பதிவாவதில்லை. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயார்க்கின் கறுப்பினத்தவரை நோக்கிப் புறப்பட்ட 270 உறைகளில் சேராத ஏறத்தாழ 235 உறைகள் எந்தெந்த அடியில், எவரெவர் மேசையில் நின்றன என்பதைத் தனித்து நோக்கும் மறுவாசிப்பு, பேராசிரியரைப் பற்றிய இந்த ஊகத்தின் துணையோடு இனித் தொடங்கப்படலாம்.